பேடா என்று எழுதிய பெட்டி

என் அருமை அண்ணிக்கு,

முதலில் நல்ல செய்தி. நாளைக் காலை மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்புகிறேன். நாம் போட்ட திட்டம்தான். கொள்ளேகால் வரை பஸ், அங்கிருந்து மடக்கு சைக்கிள், ஹனூரில் தங்கிவிட்டு மறுநாள் மலை. எந்த சைக்கிள் என்று கேட்காதீர்கள், உங்களுடையதுதான். என்னுடையதைவிட முந்நூறு கிராம் குறைவு என்று பத்துத் தடவை சொல்லிக் காட்டியவர் நீங்கள்தானே?

இதற்கு முன் இரண்டு முறை லீவு எழுதிக் கொடுத்து, இரண்டு முறையும் ரத்து செய்தேன். "வசந்தி மேடம், நீங்க மலைக்குப் போறீங்களா, இல்ல மலை இங்க வரணுமா?" என்று ஹெப்பாள் கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர் கேட்டேவிட்டார். அவரிடம் என்னவென்று சொல்வேன்? பையை மூட முடியவில்லை, அதுதான் காரணம். கட்ட உட்காரும்போதெல்லாம் உங்கள் பொருள் ஒன்று கையில் வந்துவிடும். சால்வை, கைக்கடிகாரம், நீங்கள் சிவப்புக் கோடு போட்டு வைத்த அந்தத் தடிமனான ரோடு மேப்புப் புத்தகம். எதையும் விட்டுப் போக மனசில்லை. கடைசியாகக் கொக்கித் தராசில் மாட்டினேன், ஏழு கிலோ நானூறு. நம் அளவு நாலரை. ஏழரைக்கு நூறு கிராம்தான் பாக்கி, அண்ணி.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தாத்தா ரயில்வே வேலைக்காக வந்தவர். பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடம். எங்கள் அண்ணனோ ஈரோட்டிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர். கல்யாணமான முதல் வாரம் நீங்கள் அடுக்களையிலிருந்து அன்பாக, "காபி பேக்கா?" என்று கேட்டீர்கள். காபி வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டது அவருக்குத் தெரியவில்லை. தன்னைப் பேக்கு என்று சொல்லிவிட்டாள் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேண்டும் என்பதற்குப் 'பேக்கு', வேண்டாம் என்பதற்குப் 'பேடா'. இல்லையா என்பதற்கு 'அல்வா'. "இந்த வீட்டுல இனிப்பெல்லாம் பேச்சுல மட்டும்தான்" என்று பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடும் வேலை உங்களுக்கு. ஒரு பொருளைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவீர்கள். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். தேங்காயில் பத்து கிராம் தவறினீர்கள், அதற்கும் தராசைத்தான் குறை சொன்னீர்கள்.

சைக்கிள் வாங்கப் போன நாளை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடைக்காரர் கியரைப் பற்றியும் கலரைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார். நீங்கள், "மாடிப்படி எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். சைக்கிளை மடக்கித் தூக்கிக்கொண்டு மூன்று முறை ஏறி இறங்கினீர்கள், நாற்பத்தெட்டு வயதில், சேலையோடு. "ஓட்டறது பாதிதான் சார். பஸ்ல ஏத்தறதும் லாட்ஜ் மாடிக்குத் தூக்கறதும் மீதிப் பாதி, அல்வா?" அதற்கப்புறம் அந்த மனுஷர் கலரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மெல்லிய டயரும் சின்ன பிரேக்கும் போட்ட இன்னும் லேசான வண்டியை அவர் காட்டியபோது ஒதுக்கிவிட்டீர்கள். "எடை கம்மி பண்றேன்னு பிரேக்ல கை வெக்க பேடா." மலை இறக்கத்தை மனதில் வைத்துத்தான் சொன்னீர்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் பயணம் தலக்காட்டுக்கு. என் பை ஒன்பது கிலோ. கம்பளி, இரண்டு ஜோடி செருப்பு, தேங்காயெண்ணெய் பாட்டில், சோப்பு டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே என் எவர்சில்வர் பிளாஸ்க். உங்கள் பையைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக வந்தது. பாதி நறுக்கிய பிரஷ். காசித்துண்டுபோல ஒன்று, பிழிந்து சைக்கிளில் கட்டினால் அரை மணியில் காய்ந்துவிடும். மழைக்கோட்டு ஒன்றுதான், அதுவே தரைவிரிப்பு, அதுவே சைக்கிளுக்கு மூடாக்கு. வேலை இரண்டு செய்யாத பொருளுக்கு உங்கள் பையில் இடம் கிடையாது. திரும்பும்போது நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போனீர்கள், நான் பம்ப்செட் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

உங்கள் வீட்டுக்கு வந்ததும் என் பையைத் தரையில் கொட்டச் சொன்னீர்கள். தினமும் தொட்டது ஒரு குவியல், தொடாதது இன்னொரு குவியல். எனக்குக் கன்னடம் படிக்க வராது என்று தமிழ் எழுத்தில் சீட்டு எழுதி வைத்தீர்கள். ஒன்றில் 'பேக்கு', ஒன்றில் 'பேடா'. மருந்தும் பஞ்சர் சாமானும் தொடாவிட்டாலும் பேக்கு. மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயிற்று, பெட்டி மேல் பேடா சீட்டு ஒட்டியாயிற்று. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த அண்ணன் அந்தப் பெட்டியை ஆசையாகத் திறந்தார். உள்ளே என் செருப்பு. "பேடான்னு போட்டிருக்கே!" என்று அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

பட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பளிக்கு மாற்று தேடிக் கொள்ளேகாலுக்குப் போய், சாயம் சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கி வைத்த வெறும் பட்டுத்துணியை வாங்கி வந்தீர்கள். இரண்டு உறை தைத்தீர்கள், உள்ளே புகுந்து தூங்க. மடித்தால் ஒரு கைக்குட்டை அளவு, நூற்று முப்பது கிராம். "பட்டுல புடவை எடுப்பாங்க, இவ படுக்கை எடுக்கறா" என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். பேசட்டும். சாமராஜநகர் பக்கம் அந்தக் குளிரில் நான் பல் தந்தியடிக்காமல் தூங்கியது அந்தப் பட்டுக்குள்தான். இவ்வளவு புத்தியை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள், அண்ணி?

நமக்குள் சண்டை என்றால் ஒன்றே ஒன்றுதான், என் பிளாஸ்க். ஐந்நூற்று அறுபது கிராம். ஒவ்வொரு முறையும் நீங்கள் அதைப் பேடா குவியலில் வைப்பீர்கள், ஒவ்வொரு முறையும் நான் துணிக்கு நடுவில் சுற்றிக் கடத்திவிடுவேன். பாதி வழியில் நிறுத்திக் காபியைத் திறந்தால், மூடியில் ஊற்றும் முதல் காபி யாருக்கு? திட்டியவருக்குத்தான். வெட்கமே இல்லாமல் வாங்கிக் குடிப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நீங்களே, "அந்தக் கனமான பிளாஸ்க்கைக் கொண்டா" என்றீர்கள். காபி உங்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூடியைத் திறந்து வாசனை மட்டும் பிடித்துவிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். அதை நான் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த மாதம் நீங்களே இல்லை. பிளாஸ்க்கை யார் தேடப்போகிறார்கள்?

இன்று மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உங்கள் போட்டோவையும் மலைக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். அவர் சுவரிலிருந்து கழற்றி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். பிறகு, "அவ சைக்கிளுக்குப் பின்னால ஒரு பை இருக்குது வசந்தி. பேடா பொட்டிக்குப் பக்கத்துல. தொறக்க மனசு வராம அப்படியே வெச்சுட்டேன்" என்றார்.

நான் திறந்தேன். உங்கள் பை என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே என்னுடைய பச்சை பிரஷ், பாதி நறுக்கி. உங்கள் வீட்டில் நான் மறந்து வைத்த குர்தா. பட்டு உறை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. அடியில், துண்டில் சுற்றி, என் பிளாஸ்க். அதன் மேல் ஒரு சீட்டு, உங்கள் கோணல் தமிழில்: பேக்கு.

இரண்டு ஆஸ்பத்திரி நடைக்கு நடுவில், உட்காரவே முடியாத நாளில், நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரிந்தே எனக்காக மூட்டை கட்டியிருக்கிறீர்கள். பக்கவாட்டுப் பையில் எடைப் பட்டியல் இருந்தது. கிராம் கிராமாக, பார்சல் கவுண்டர் கையெழுத்தில். பிளாஸ்க் 560 என்று எழுதி, அதற்கு ஈடாக எதை எதை எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்திருந்தீர்கள். மொத்தம் நாலு கிலோ நானூற்றுத் தொண்ணூறு. கடைசி வரியைச் சத்தமாகப் படித்தேன்: "என் போட்டோ, ஃபிரேம் சேர்த்து 310. பேடா. வசந்தி, சும்னே அழுதுட்டு தூக்கிட்டுப் போக பேடா."

அண்ணன் என் கையிலிருந்து போட்டோவை வாங்கினார். திரும்ப ஆணியில் மாட்டி, கோணலை நேராக்கினார். எதிரில் நின்று, "எல்லாம் முன்னாலயே தெரியும் உனக்கு, அல்வா?" என்று உங்களிடம் கேட்டார். அழுதார், சிரிக்கவும் செய்தார். பிறகு அடுக்களைக்குள் போய் அங்கிருந்து கேட்டார், "காபி பேக்கா?"

வேண்டும் என்றேன். அண்ணனும் நானும் இன்று ஒழுங்காகக் காபி குடித்தோம்.

இப்போது பை மூடியிருக்கிறது, அண்ணி. சால்வை, கடிகாரம், மேப்புப் புத்தகம் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. தாளபெட்டா அடிவாரத்தில், ஏற்றம் தொடங்கும் முன் நிறுத்துவேன். மூடியில் ஊற்றும் முதல் காபியைக் கீழே கொட்ட மாட்டேன், வீணாக்கினால் உங்களுக்குப் பிடிக்காது. உங்களுக்காக நானே குடிப்பேன். இறக்கத்தில் பிரேக்கை விட மாட்டேன். இதெல்லாம் சத்தியம்.

உங்கள் பட்டியலில் இல்லாத பொருள் ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறேன். பிளாஸ்க்கில் ஒட்டியிருந்த அந்தப் பேக்கு சீட்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். பூஜ்யம் என்றுதான் காட்டுகிறது.

இந்த ஒரு தடவை சொன்ன பேச்சைக் கேட்ட,
உங்கள் நாத்தனார்
வசந்தி