கிளட்ச் பிடித்தும் நகர்ந்த வண்டி

மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

இடது கையில் மாவுக்கட்டைப் பிரித்ததிலிருந்து பாறை, மேடு ஏறுகிற என் பழைய டிரையல்ஸ் பைக் படுத்துகிறது. கிளட்சைப் பிடித்தாலும் கியரில் நிற்காமல் முன்னால் நகர்கிறது. நேற்று ராஜபாளையம் சிக்னலில் ஒரு ஆட்டோவை இடித்திருப்பேன். "பேசாம வித்துருங்க" என்றாள் என் மனைவி செல்வி.

இன்று நானும் செல்வியும் அதைக் குட்டியானை வேனில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பன் அந்தோணியிடம் கொண்டுபோனோம். கிளட்ச் பிளேட்டுகளைக் கழற்றிப் பார்த்தான். ஒன்றும் கெடவில்லை. திரும்ப மாட்டி அவன் பிடித்தபோது வண்டி அசையவில்லை. நான் பிடித்தேன், நகர்ந்தது. என் விரல்கள் லீவரைப் பாதிதான் இழுக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. அவனும் பார்த்துவிட்டான்.

கேபிளுக்கு எண்ணெய் விட்டான். தொய்வை எடுத்தான். லீவரை என் விரலுக்கு எட்டுகிற மாதிரி உள்ளே தள்ளி வைத்தான். "இப்பப் பிடி மாப்ள." வண்டி அப்படியே நின்றது.

வாசலில் நின்றிருந்த செல்வி கிட்டே வந்தாள். "எதுலண்ணே கோளாறு?"

"கேபிள்தான் தங்கச்சி, பழசாயிட்டு. விக்கவெல்லாம் வேண்டாம்."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வண்டியை நானே ஓட்டி வந்தேன். வழியெல்லாம் கண் கலங்கியது. அந்தோணி நன்றாக இருக்க வேண்டும். கையைப் பற்றிச் செல்வியிடம் நானே சொல்லிவிடுவேன். நாளைக்கு, அவள் காபி கொண்டுவரும்போது.