ஜமுக்காளத்துக்குக் கீழே

நாமக்கல்,
09.12.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு, மாப்பிள்ளை ஜீவானந்தம் வணங்கி எழுதுவது.

இங்கே உங்கள் மகள் மஞ்சுளாவும் பேத்தி ரஞ்சனியும் நலம். ஓசூரில் குளிர் அதிகம் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை அங்கே கூட்டிப்போன மைத்துனர் சிவக்குமார் சொன்னார். இடுப்பில் தகடு வைத்த இடம் குளிருக்கு வலிக்கிறதா? வாக்கர் பிடித்துக் கூடம் வரை நடக்கிறீர்கள் என்று கேட்டதும் மஞ்சுளா அழுதுவிட்டாள். ரஞ்சனிக்கு அரையாண்டுத் தேர்வு. ஆத்தா எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

போனில் நீங்கள் என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. "உடுங்க மாப்பிள்ளை, நாந்தான் காலத் தூக்கி வெக்காம நடந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஊரில் மழை உண்டா என்று கேட்கிறீர்கள். அதனால்தான் கடிதம். கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

ஆவணியில் உங்கள் அறைக்கு மரப்பலகைத் தரை போட்டோம். டைல்ஸ் சில்லிட்டு உங்களுக்கு முழங்கால் வலிக்கிறது, அதற்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீங்களும் அதைத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொன்னீர்கள். உண்மையில், சிவக்குமார் வீட்டில் அந்தத் தரையைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு ஆசை. அவர் வீட்டில் இருப்பது நம் வீட்டில் இல்லையே என்ற பொறாமை என்றே எழுதிவிடுகிறேன்.

பலகை போட வந்த பிரபாகர், மழைக்காலத்தில் மரம் உப்பும், சுவர் ஓரம் அரை விரல் இடைவெளி விட வேண்டும், அதை மூட ஓரச் சட்டம் அடிக்கலாம் என்றார். சட்டம் அடித்தால் அழகு போய்விடும், சுவரோடு முட்டப் போடுங்கள் என்றேன். "அண்ணா, பின்னால தூக்கிக்குமுங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் தூக்கியது. கதவுக்கு உள்ளே, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், ஒரு விரல் கனத்துக்கு. நீங்கள் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பே அதைப் பார்த்துவிட்டேன், அத்தை. பிரபாகரைக் கூப்பிட்டால், அன்றே சொன்னேனே என்பார். மஞ்சுளாவுக்கும் தெரிந்துவிடும். குமாரபாளையத்திலிருந்து எங்களோடு இருக்க வரும்போது நீங்கள் கொண்டுவந்த சின்ன ஜமுக்காளத்தை எடுத்து மேலே விரித்தேன். மேடு மறைந்துவிட்டது.

நீங்கள் விழுந்த சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவன் நான்தான். உங்களைத் தூக்குவதற்கு முன்னால், சுருண்டு கிடந்த ஜமுக்காளத்தைக் காலால் தள்ளி மேட்டை மூடினேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் ஜமுக்காளம் வழுக்கிவிட்டது என்றேன். நீங்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "அவரு ஆசையாப் போட்ட தரைய ஆரும் குத்தஞ் சொல்லிப்போடாதீங்க" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அறைக்குப் போய் ஜமுக்காளத்தைத் தூக்கி, மேட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நாஞ் சொல்ல மாட்டேன்" என்றாள். வேளைக்குச் சோறு போடுகிறாள். பேச்சு இல்லை.

மறுநாள் பிரபாகரை வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். இடைவெளி விட்டுத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று எல்லாப் பலகையையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது பழைய டைல்ஸ்தான். அதன் மேல் என்ன வேண்டும், ஏது வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறேன். சிவக்குமாரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினாறு வருடத்தில் நீங்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை என்று பார்க்காமல் நன்றாகத் திட்டிவிடுங்கள், அத்தை. திட்டி முடித்த பிறகு சாப்பிடச் சொன்னால், உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜீவானந்தம்