வாசலில் உன் ஷூ

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுறேன். நான் நல்லா இருக்கேன், பிரஷர் மாத்திரையை மறக்காம விழுங்குறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமா இருக்கணும். இதைப் போன்ல சொல்ல வாய் வரலை, அதனால பேனாவை எடுத்தேன். திட்டுறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுத் திட்டு.

நீ அவசரத்துல பழைய விலாசத்தை மாத்தாம ஆர்டர் போட்ட ஷூ இங்கே வந்துச்சுல்ல, நீயும் திருப்பி அனுப்பிடுங்கப்பான்னு சொன்னே. அனுப்பத்தான் இருந்தேன், பெட்டியைத் திறந்ததுதான் தப்பு. பாதம் நேரா விழுறவங்களுக்கும் ஆகும், உள்பக்கமா சாயுறவங்களுக்கும் ஆகும்னு போட்டிருந்துச்சு. உனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்து சாயுமே, பள்ளிக்கூட ஷூ எல்லாம் உள்ளோரம் மட்டும் தேய்ஞ்சு உங்கம்மா தலையில அடிச்சுக்குவா. இதுல குதிகால்ல அழுத்தினா தலகாணி மாதிரி மெத்துனு அமுங்குது, ஆனா உள்ளோரம் அசைஞ்சு கொடுக்காம கெட்டியா நிக்குது. பரவாயில்லை, பார்த்துத்தான் வாங்கியிருக்கே. திரும்ப மூடி வைக்க மனசு வரலை, வாசல்ல என் செருப்புக்குப் பக்கத்துல சும்மா வெச்சுப் பார்த்தேன். அம்மா போனதுக்கப்புறம் அங்கே என் ஜோடி மட்டும்தானே கிடக்குது.

மறுநாள் காலையில துணி காயப்போட மாடிக்குப் போன கீழ்வீட்டு டெய்லரம்மா, என்ன சார் பொண்ணு வந்திருக்கு போலன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், சொல்லலையே, தலை தானா ஆடிடுச்சு. அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள்ள கட்டடம் முழுக்கப் பரவிடுச்சு. எதிர்வீட்டு நர்ஸ் உனக்காகக் கை நிறையப் பழம் கொண்டாந்தாங்க, பிரயாணக் களைப்புல தூங்குறதா சொல்லிட்டேன். அப்புறம் டெய்லரம்மா வந்தப்ப ஓடப் போயிருக்கிறதா சொன்னேன். அவங்க வாசலைப் பார்த்துட்டு, ஷூ இங்கே இருக்கே, வெறுங்காலோடவா ஓடுதுன்னு கேட்டாங்க பாரு, எனக்கு முழி பிதுங்கிடுச்சு. அதுலேர்ந்து தினம் விடிஞ்சதும் ஷூவைப் பையில போட்டு மைதானம் வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டு வரேன். பளபளன்னு இருந்தா யார் நம்புவா, அதான் அடிப்பக்கத்தை மண்ணுல தேய்ச்சேன், அதுவும் உன் கால் சாயுற மாதிரி உள்ளோரமாப் பார்த்து. நேத்து திருப்பி எடுத்துட்டுப் போக வந்த கொரியர்காரர் புரட்டிப் பார்த்துட்டு, போட்டு ஓடின ஷூவை எடுக்க மாட்டோம்னு போயிட்டார். வருத்தப்பட்டிருக்கணும், இல்லைம்மா, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. நீ இங்கே ஓடினதா அவரும் நம்பிட்டார்.

வீட்டுக்குள்ள பேச்சுச் சத்தம்னு ஒண்ணு வேணுமேன்னு டிவியைச் சத்தமா வெக்கிறேன். நர்ஸ் கொடுத்த பழம் பாதி அழுகிப் போச்சு, ஒரு ஆள் எவ்வளவுதான் தின்ன முடியும். தனியா இருக்கிறது போகப் போகப் பழகிடும்னு எல்லாரும் சொன்னாங்க, பழகலைம்மா.

இப்போ சிக்கல் என்னன்னா, பொண்ணு எப்ப கிளம்புதுன்னு டெய்லரம்மா இன்னிக்குக் கேட்டுட்டாங்க. ஷூவை எடுத்து உள்ளே வெச்சுட்டா போதும், நீ ஊருக்குப் போயிட்டதா ஆயிடும், என் பொய்யும் அதோட ஒழிஞ்சுடும். எடுக்கத்தான் குனிஞ்சேன், கை வரலை. போன தடவை உன்னை ஏர்போர்ட்ல விட்டுட்டுத் திரும்பி வந்தப்ப கதவைத் திறக்க மனசில்லாம வாசப்படியிலேயே உக்காந்துட்டேன். வந்த பிள்ளையை அனுப்பவே அந்தப் பாடு. வராத பிள்ளையை எப்படிம்மா வழியனுப்புறது.

லீவு கிடைக்குமான்னு கேட்டுப் பாரு. கிடைக்கலைன்னாலும் கோவமில்லை. கால் இடறாம, மனசு வாடாம நீ நீடூழி நல்லா இருக்கணும். அங்கே உன்கிட்ட இருக்கிற தேய்ஞ்ச ஷூவோட ஓடி முட்டியைக் கெடுத்துக்காதே, அங்கேயே இதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிக்கோ, இந்தத் தடவை விலாசத்தைச் சரியாப் போடு.

எப்பவும் உன் நினைப்பா இருக்கிற,
அப்பா