வீராயி எடுத்த களை

அரியலூர்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தேவயானிக்கும், மாப்பிள்ளை பிரேம்குமாருக்கும், உன் வயிற்றில் பெயர் வைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் அப்பா உத்திராபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஒரு மாதிரி நலமாக இருக்கிறோம். அந்த 'ஒரு மாதிரி' என்னவென்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தினமும் போனில் பேசுகிற அப்பன் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறான் என்று நினைப்பாய். போன் உன் அம்மாவின் மடியில்தான் இருக்கிறது. நான் பேசினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? எங்கள் கோல்ப் கிரவுண்டு மேனேஜர் இளவரசன் சார், வாட்ஸ்அப்பில் எழுதுங்க அண்ணே என்று தன் போனைக் கொடுத்தார். என் விரல் தடிமனுக்கு 'அன்பு மகளே' என்று அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றார். இது இன்னொருவர் கையால் அடிக்கிற விஷயம் இல்லை. அதனால் பம்ப் ஷெட்டில் மோட்டார் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவது பாஸ் செய்தவனின் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டாதே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு ஆடி மாதமே அம்மாவை அனுப்பு, டிக்கெட் போடுகிறேன் என்று போன வாரம் கேட்டாய். அம்மாவும் "வர்றேன்டியம்மா, போட்டுடு" என்று சிரித்தாள். டிக்கெட் போடாதே. போட்டிருந்தால் ரத்து செய்துவிடு. அம்மாவைச் சிங்கப்பூருக்கு அனுப்ப முடியாது. கைகால் நன்றாக இருக்கிறது, சர்க்கரையும் இல்லை. ஞாபகம்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள். எனக்குத் தெரிந்தது புல் ஒன்றுதான்.

மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்தபோது, "புல்லுக்கு என்ன மாமா வேலை, அது தானா வளருமே" என்று கேட்டாரே, அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வயலில்தான் அது தானாக வளரும். சிமெண்டு ஆலை ஆபீசர்கள் விளையாடுகிற கோல்ப் கிரவுண்டில் கைக்குழந்தை மாதிரி வளர்க்க வேண்டும். பந்து விழுகிற குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய இடம் இருக்கிறதே, அதற்குப் பெயர் கிரீன். விடிந்ததும் நீளக் கழியால் அதன் மேல் உள்ள பனியைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு மிஷின் ஓட்ட வேண்டும். நம் மண்ணோ கரிசல். பங்குனி வெயிலில் கால் நுழைகிற அளவு வெடிக்கும். தண்ணீர் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பள்ளத்திலிருந்து வருகிறது. ஊற்றினால் புல் நுனியில் வெள்ளையாகப் படிகிறது, ஊற்றாவிட்டால் காய்கிறது. மேலே ஆலைத் தூசி. போதாக்குறைக்கு மயில்கள் வந்து கிளறும். ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்த இடத்தில் இப்படிப் புல்லா என்று வியந்து போனாராம். நான் அப்போது உரமூட்டையின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன், அதனால் அந்தப் பாராட்டு மிஷினுக்குப் போய்விட்டது.

அந்த கிரீனில் இருக்கிற புல் எது தெரியுமா? நம் அருகம்புல்தான். பெங்களூரிலிருந்து லாரியில் வந்த மெல்லிய ஜாதி, ஆனாலும் அருகுதான். உன் அம்மாவும் நானும் செந்துறைப் பக்கம் பருத்திக் கொல்லையிலும் வெங்காயக் கொல்லையிலும் முதுகு ஒடியப் பிடுங்கிப் போட்டோமே, அதே சனியன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கே அருகுதான் பயிர், கோரைதான் களை என்று சொன்னபோது களையெடுக்க வந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் அருகைப் பிடுங்கிப் பேச்சு வாங்காதவர்கள் கிடையாது. உன் அம்மாவுக்குத்தான் கை சீக்கிரம் மாறியது. ஒட்ட வெட்டிய புல்லுக்குள் ஊசி மாதிரி தலைநீட்டும் கோரையை அவள் விரல் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும். கிழங்கோடு எடுப்பாள். எடுத்த இடம் தெரியாது.

தை மாதம் ஹெட் ஆபீசிலிருந்து பெரியவர்கள் விளையாட வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் நான் அடைத்துப்போன தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டு ஏழாவது கிரீனுக்கு வந்தேன். உன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மண். அருகை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி கைப்பிடி கைப்பிடியாக ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் வைப்போமே, அந்த மாதிரி.

"என்னா பண்ற, வீராயி?" என்று கத்திவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேசாம எடு. அருகு மண்டிக் கெடக்கு. ஆண்டை வர்றதுக்குள்ள முடிக்கணும்" என்றாள்.

ஆண்டை. கொல்லைக்காரரை நம் சனங்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவளே உன் அம்மாதான். நீ அவள் வாயால் அதைக் கேட்டிருக்கவே மாட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆண்டை இன்னிக்கு வரல, ஊருக்குப் போயிட்டாரு என்று சொன்னேன். அப்பாடா என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

இளவரசன் சாரிடம் காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டது என்று சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் தோளில் கை வைத்தார். "பன்னி மண்ண ஒதறி, கட்டு கட்டா அடுக்கியாண்ணே வச்சிட்டுப் போவும்?" என்று கேட்டார். பொய் சொல்லவும் ஒரு படிப்பு வேண்டும், எனக்கு அதுவும் எட்டாவதோடு நின்றுவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை. பந்துக் குழியை கிரீனின் மறுபக்கத்துக்கு மாற்றி வெட்டி, பிடுங்கிய இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டு, பழுது பார்க்கிற இடம் என்று பலகை நட்டுவிட்டார். நாற்றங்காலிலிருந்து புல்லைப் பத்தை பத்தையாக வெட்டிவந்து நாங்கள் இரண்டு பேருமே பதித்தோம். அருகு பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு கணு போதும்.

திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாகப் பதிந்தது முதலில் போகும், பழசு கடைசி வரைக்கும் நிற்கும் என்றார். மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். வேகம் குறையும், போனது திரும்பாது என்றார். நீ அப்போது வாயில் வைத்ததையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளையிடமும் சொல்ல மனம் வரவில்லை. மசக்கை அடங்கட்டும் என்று இருந்தேன்.

டாக்டர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். உன் அம்மா வந்த வழியே பின்னோக்கி நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். கோல்ப் கிரவுண்டைத் தாண்டிவிட்டாள். உன் கல்யாணத்தைத் தாண்டிவிட்டாள், போட்டோவைக் காட்டினால் நல்ல ஜோடி என்கிறாள். இப்போது பெரும்பாலும் நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இருக்கிறாள். சாயங்காலம் ஆனால் வாசலுக்குப் போய் நிற்கிறாள். "பாப்பா இன்னும் வரலியே, பஸ்ஸ வுட்டுட்டாளா?" என்று கேட்கிறாள். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்பேன். இந்தப் பொய் மட்டும் எனக்கு நன்றாக வருகிறது.

சில நாள் அதற்கும் பின்னால் போய்விடுகிறாள். இத்தனை வருஷம் 'யோவ்' என்று கூப்பிட்டவள், அந்த நாட்களில் 'ஏங்க' என்கிறாள். சோற்றைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். கல்யாணமான புதிதில் கிடைத்த மரியாதை மறுபடியும் கிடைக்கிறதே என்று முதல் நாள் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். பிறகு, எங்க வூட்டுலேர்ந்து யாராச்சும் கூட்டிட்டுப் போக வருவாங்களா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்த நாட்களில் நீ இன்னும் பிறக்கவே இல்லை, தேவயானி. போன மாதம் அப்படி எப்போதாவதுதான் வந்தது. இந்த மாதம் அடிக்கடி வருகிறது.

போனில் நன்றாகத்தானே பேசுகிறாள் என்று கேட்பாய். சாப்பிட்டியா, தண்ணி நெறைய குடிக்கிறியா, மாடிப்படி ஏறாத என்பாள். வயிற்றில் பிள்ளை இருக்கிற யாரோடும் அதைத்தானே பேசுவார்கள். போன வாரம் டிக்கெட் போடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாளே, அதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "யாருங்க அந்தப் பொண்ணு? பாவம், ரொம்பப் பாசமா பேசுது. தாயி இல்லாத புள்ளையா?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். நம்மிடம் மாடு ஏது.

இப்போது புரியும், குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு நீ குளிக்கக்கூடப் போக முடியாது. தொட்டிலில் போட்டுவிட்டுக் களையெடுக்கக் கிளம்பிவிடுவாள். அந்த ஊரில் எங்கே போய்த் தேடுவாய்?

பயந்துவிடாதே. பகலில் என்னோடுதான் கிரவுண்டுக்கு வருகிறாள். இப்போது சம்பளக் கணக்கில் அவள் பெயர் கிடையாது, இருந்தாலும் இளவரசன் சார் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பதாவது குழிக்கு அப்பால், பந்து போகாத மூலையில் ஒரு துண்டு இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிட்டார். அவளைக் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, இது உங்க கொல்லை. அருகு மண்டிடுச்சு பாருங்க" என்றார். அங்கே வேப்பமர நிழலில் உட்கார்ந்து நாளெல்லாம் பிடுங்குகிறாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாயங்காலம் மிஷினைக் கழுவி வைத்துவிட்டு, அவள் பிடுங்கியதை நான் திரும்ப நட்டுத் தண்ணீர் விடுகிறேன். நாளைக்கு அவளுக்கு வேலை வேண்டுமே. ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டி செய்த வேலையை இவ்வளவு ஒழுங்காகக் கெடுத்திருக்க மாட்டான்.

பிரசவம் அங்கேயே நடக்கட்டும். ரஞ்சன்குடியிலிருந்து உன் மாமியாரைக் கூப்பிட்டுக்கொள். அவர்கள் குழம்பில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், பிள்ளை பெற்றவளுக்கு அது நல்லது என்று நினைத்துக்கொள். வளைகாப்பையும் அங்கேயே கோயிலில் வைத்துக்கொள்கிறோம் என்றாய். அதை மட்டும் மாற்றிக்கொள், சாமி. வைகாசியில் ஏழாம் மாதம் பிறக்கிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விமானம் ஏறு. திருச்சிக்கு நான் வந்து நிற்கிறேன். கூட்டம் கூட்ட மாட்டேன், சாப்பாட்டுக்குப் பந்தல் போட மாட்டேன். உன் அம்மா கையால் நீ வளையல் போட்டுக்கொண்டு போனால் போதும். வைகாசியைத் தள்ளாதே. புல்லாக இருந்தால் இத்தனை நாளில் இவ்வளவு வரும் என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

வரும்போது ஒன்று மட்டும் செய்யாதே. 'என்னைத் தெரியுதாம்மா' என்று கேட்காதே. தெரியாவிட்டால் அவள் மிரண்டுபோய் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்க வேண்டாம். நேராகப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டு. வயிற்றுப் பிள்ளையோடு வந்து கை நீட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் அவள் வளையல் போடுவாள். கன்னத்தில் சந்தனம் தடவுவாள். நீ யார் பெற்ற பிள்ளை என்று அவள் கேட்டால், நீ வாயைத் திறக்காதே. நான் பக்கத்திலேயே நிற்பேன், நான் சொல்லிக்கொள்கிறேன்.

தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, இரண்டு உயிரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். படிக்கட்டில் மெதுவாக ஏறு. சீக்கிரம் வா, பாப்பா.

உன் அப்பா,
உத்திராபதி