டுமீல் இல்லாத டிவிடி

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. அம்மா டப்பிங் பேசிய அந்த அணில் கார்ட்டூன் டிவிடியாக வரப்போகிறது என்று ஊரே குதிக்கிறது. என் ஆபீஸில் நரைத்த மீசைக்காரர்கள்கூட முன்பதிவு செய்துவிட்டார்கள். நானும் ஆசையாகத்தான் காத்திருந்தேன், நீ அனுப்பிய மாதிரிப் பிரதியைப் போட்டுப் பார்க்கும்வரை.

தாய் அணிலுக்கு யாரோ ஒருத்தியின் குரல்!

போன் செய்தால், "பழைய டேப்புல ஒரே இரைச்சல்டி. நான்தான் புது ஆளை வச்சுப் பேச வச்சேன்" என்கிறாய். பெரிய சவுண்ட் இன்ஜினியர்! கொஞ்சமாவது உறைக்கிறதா உனக்கு? அந்த இரைச்சலுக்குள்தான் அம்மா இருந்தாள்.

குட்டி அணிலின் பெயரையும் மூலத்தில் இருக்கிறபடி திருத்திவிட்டாயாம். மைக் முன்னால் நின்று அதற்கு "டுமீல்" என்று அம்மா பெயர் வைத்தது யாரை நினைத்து? வீட்டில் எதை எடுத்தாலும் போட்டு உடைத்தது யார்?

"டுமீல், சாப்பிட வாடா!"

அம்மா போன பிறகு உன்னை அப்படிக் கூப்பிட அந்தத் தாய் அணில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதன் வாயையும் நீயே அடைத்துவிட்டாய். நான் கூப்பிடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

உன் தங்கை