பயிற்சிக்கு என்னை ஏன் அனுப்பினார்கள்

ஜன. 5, திங்கள்
காலையிலிருந்து தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை.

பயிற்சி முடிந்து ஆபீசில் முதல் நாள். பயிர்ச்சேதம் பதியும் புது ஆப் இனி என் பொறுப்பு. ஆப் செய்து தரும் கம்பெனிக்காரர்களையே நம்பியிராமல், வேளாண் துறைக்குள்ளேயே திட்ட மேலாளர்களை உருவாக்குகிறார்களாம். சரி. ஆனால் இத்தனை பேர் இருக்க என்னை ஏன்?

கண்காணிப்பாளர் ஜெபராஜ் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி: "செல்வி, கம்பெனிக்காரன் சொதப்புனா மாட்டிவிட ஒரு ஆளு வேணும்லா? அதுக்குத்தான் ஒன்னையப் படிக்க வச்சிருக்காவ."

சிரித்து வைத்தேன்.

ஜன. 7, புதன்
வாங்க: சோப்பு, அம்மாவுக்குத் தைலம், அரை கிலோ வெல்லம்.

கம்பெனி ஆள் பிரபு, சென்னையிலிருந்து. கையில் கடலைமிட்டாய் டப்பா. கோவில்பட்டிக்காரிக்கே கடலைமிட்டாய்! அப்போதே சந்தேகம்.

"பொங்கலுக்கு முன்னாடி தொடக்க விழா, மேடம். ஆப் தயார்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"எங்க வச்சு சோதிச்சீங்க?"

"எங்க ஆபீஸ்லதான்."

போடவில்லை. டப்பாவையும் பிரிக்கவில்லை.

ஜன. 9, வெள்ளி
குளத்தூர். கரிசல் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. சாய்ந்து கிடந்த மக்காச்சோளம், கதிரிலேயே முளை. சிக்னல் வருகிறது, போகிறது. அந்தோணியம்மாள் அக்காவின் நிலத்தை ஆப்பில் பதிந்தேன். 'வெற்றிகரமாகப் பதிவானது' என்று பச்சை எழுத்து. அக்கா கும்பிட்டார்.

ஆபீஸ் வந்து பார்த்தால் அப்படி ஒரு பதிவே இல்லை.

பிரபுவுக்குப் போன். "சிக்னல் இல்லன்னா அப்படித்தான், மேடம். அப்புறம் சரி பண்ணிடலாம்."

ஆக, தெரிந்தேதான். என்னைப் பயிற்சிக்கு அனுப்பிய அதிகாரிக்கும் தெரியுமோ? அண்ணாச்சி சொன்னது சரிதானோ?

ஜன. 12, திங்கள்
'தயாரில்லை' என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி: "சும்மா கெடக்க மாட்டியா? அவிய நாள் குறிச்சாச்சு. தூக்கி எங்கயாவது தூரமாப் போடுவாவ, பாரு."

சாயங்காலம் அதிகாரி கூப்பிட்டார். அறைக்குள் ஏற்கெனவே பிரபு. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி பிரபு பக்கம் திரும்பவேயில்லை. "எப்ப தயாராகும், செல்வி?"

பிரபு வாயெடுத்தார்.

"உங்ககிட்ட கேக்கல. அவங்கதான் மேலாளர்."

சொன்னேன். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு போனிலேயே தங்க வேண்டும், குளத்தூரில் மறுபடி சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகே நாள். அதுவரை பழையபடி காகிதத்தில், அக்கா நிலம் உட்பட. விழா தள்ளிப்போனது. என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

வெளியே வந்தபோது அண்ணாச்சி யாரிடமோ: "செல்வியும் அதிகாரி ஆளாயிட்டா. இனி அவ முன்னால பாத்துப் பேசுங்க."