பலகையில் ஒரு வரி

டிரெகாரோ,
6 ஜூன் 2019

என் அண்ணன் ஜேகோவுக்கு,

மூன்றாவது போனையும் நீ கடலுக்குத் தாரை வார்த்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் காகிதம். நாலாவது வாங்கினாலும் எனக்குக் கடிதமே எழுது. உன் கோழிக் கிறுக்கலைப் படித்து நாளாயிற்று.

கடல் காப்புச் சங்கத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து நாலு நாள் ஆகிறது. வேலை என்ன தெரியுமா? ஆயிரத்துச் சொச்சம் சிங்கி இறால் குஞ்சுகளுக்கு வேளாவேளைக்கு இரை போடுவது. ஒவ்வொன்றுக்கும் தனி அறை. சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். நம் இரண்டு பேரையும் இப்படித்தான் வளர்த்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்.

எனக்கு மேலே இருப்பவள் ஹெஸ்டர். கெட்டவள் இல்லை, சிரிக்க மாட்டாள், அவ்வளவுதான். புதன்கிழமைதோறும் ஒரு துறைமுகத்துக்குப் போய், வியாபாரிகளின் தொட்டியில் கிடக்கும் சிங்கிகளை அளந்து எழுதுகிறோம். வயிற்றில் முட்டையோடு சினைச் சிங்கி ஏதாவது சட்டத்தை மீறி விலைக்கு வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறோம். அடுத்த மாதம் நம் போர்த்வீன் முறை.

ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாப்பிடும்போது, மீனவர்கள் சினைச் சிங்கியின் முட்டையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல விற்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. "எல்லாரும் பண்றதுதான்" என்றாள் ஹெஸ்டர். உடனே என் பக்கம் திரும்பி, "உங்க வீட்ல என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாள். "அண்ணன் கடல்ல இருக்கான்" என்றேன். கடற்படை என்று நினைத்துக்கொண்டார்கள். சிங்கி பிடிக்கிறவன் என்று நான் திருத்தவில்லை. ரொட்டியை மென்றுகொண்டே இருந்துவிட்டேன். திட்டாதே.

தங்கை,
லோவென்னா


போர்த்வீன்,
19 ஜூன்

லோவுக்குக் கடற்படைத் தளபதி ஜேகோ எழுதிக்கொள்வது,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தனி அறை விஷயம் கேட்டு, "அவளைத்தான் தனியா போட்டிருக்கணும், கடிக்கிறது அவதான்" என்றாள். கப்பலே இல்லாத தளபதியாக நான் இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அடுத்த தடவை ரொட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசு.

துறைமுகத்தில் உன்னால் எனக்கு நல்ல பெயர். க்ளெமோ தினமும் ஆரம்பித்துவிடுகிறான்: "என்னடா, உன் தங்கச்சி நம்ம தொட்டியை எண்ண வர்றாளாமே. குங்குமப்பூ பன்னு சுட்டு வெக்கட்டுமா, இல்ல கைய கட்டிக்கிட்டு வரிசையில நிக்கட்டுமா?" என் சரக்கையெல்லாம் வாங்குபவன், என் மகளுக்கு ஞானத்தந்தை. கோபித்துக்கொள்ள முடியவில்லை. பன் சுடு என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டு இதுவரை நாற்பத்தொரு சினைச் சிங்கிக்கு வால் மடலில் அடையாள வெட்டுப் போட்டுக் கடலிலேயே விட்டிருக்கிறேன். வெட்டு ஆறும்வரை எவனும் அதை விற்க முடியாது. தண்ணீர் சீக்கிரமே சூடாகிவிட்டதால் நிறையத் தாய்கள் குஞ்சு இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு என் பொறிக் கூட்டுக்குள் வருகின்றன. எல்லாவற்றையும் உன் ஹெஸ்டரிடம் சொல்.

அந்தப் பிரஷ் பேச்சை மட்டும் எனக்கு எழுதாதே. பிடிக்கவில்லை.

ஜேகோ


டிரெகாரோ,
18 ஜூலை

அண்ணா,

நலம். நேற்றுப் போர்த்வீனுக்கு வந்திருந்தோம். நீ கடலில் இருந்தாய். வீட்டுக்கு வர நேரமில்லாமல் போய்விட்டது. அம்மாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்.

இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.

லோவென்னா


போர்த்வீன்,
4 ஆகஸ்ட்

லோ,

போன கடிதத்தில் தந்தி மாதிரி நாலு வரி எழுதியிருந்தாய். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது இதைக் கேள்.

நேற்றுப் படகுப் போட்டி நாள். ஊரே கரையில். நான் என் படகு 'லவீனியா'வைக் கரைச் சரிவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இரண்டு மீன்வள அதிகாரிகள் வந்து நின்றார்கள். சினை தேய்த்த சிங்கிகளை நான் விற்றதாக எழுத்தில் புகார். க்ளெமோ தொட்டியில், கொடுக்கில் என் அடையாள நீலப் பட்டை போட்ட பதினொன்று அகப்பட்டதாம். போட்டோவும் எடுத்திருக்கிறார்கள். பாண்டு வாத்தியம் நின்றுவிட்டது. படகைக் குடைந்து தேடினார்கள். தளம் கழுவுகிற பிரஷ்ஷைப் பையில் போட்டுக் கட்டி, அதன்மேல் சீட்டு ஒட்டினார்கள். அம்மா கையில் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றாள். விசாரணை முடியும்வரை நான் கடலுக்குப் போகக் கூடாது.

தொட்டி க்ளெமோவுடையது. வேறு யார் சொல்லியிருக்க முடியும்? எல்லோர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நீதானடா காட்டிக் குடுத்த?" என்றேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. "கைய எடு ஜேகோ. உன் புள்ளய ஞானஸ்நானத்துக்குத் தூக்குன கை இது" என்றான். நான் காறித் துப்பிவிட்டு வந்தேன். இனி அவன் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

இருந்தாலும் உறுதியாகத் தெரிய வேண்டும். புகார் உன் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது என்று அதிகாரி வாய் தவறிச் சொன்னான். யார் சொல்லிக்கொடுத்து எழுதினார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. உன்னைத் தவிர எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

ஜேகோ


டிரெகாரோ,
9 ஆகஸ்ட்

அண்ணா,

க்ளெமோவை விட்டுவிடு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதியது நான்.

இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் கிழித்துவிடாதே.

அன்றைக்குத் தொட்டியில் கையை விட்டுப் பெண் சிங்கிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு சிங்கிகளின் வயிற்று மயிர்களில், முட்டையைப் பிடித்துவைக்கும் பசை இழைகள் ஒட்டியிருந்தன. முட்டை இல்லை. தேய்த்ததன் மிச்சம் என்று நினைத்தேன். அப்புறம்தான் பட்டையின் நிறத்தைப் பார்த்தேன். பக்கத்தில் ஹெஸ்டர். "இது யாரோட பட்டை?" என்றாள். "எங்க அண்ணனோடது" என்றேன். கடற்படை அண்ணன் அந்த இடத்திலேயே செத்தான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ இதுல தலையிட வேணாம், வேற ஆளு எழுதட்டும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அது அறை வாங்கியதுபோல இருந்தது. "இல்ல, நானே எழுதுறேன்" என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

ஏன் தெரியுமா? மீன்காரன் வீட்டுப் பெண், ஆனாலும் எவ்வளவு நேர்மை என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான். கடலுக்காகவும் இல்லை, சிங்கிக்காகவும் இல்லை. அன்று மாலை எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது முகம் எரிகிறது.

நேற்று அதிகாரிகள், தாங்கள் எடுத்து வைத்திருந்த அந்தப் பதினொன்றையும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த இழைகளில் முட்டை ஓடுகள், எல்லாம் உள்ளிருந்து திறந்தவை. தேய்த்திருந்தால் ஓடு நசுங்கியிருக்கும், மயிரும் ஒடிந்திருக்கும். தாய்கள் தாமாகவே குஞ்சு இறக்கியிருக்கின்றன. நீ ஜூனிலேயே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். சிங்கிக் கூடுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள், எனக்குக் கண் தெரியவில்லை.

சங்கம் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டது. அடுத்த வாரத்துக்குள் நீ கடலுக்குப் போகலாம் என்றார்கள். நான் ஊருக்கு வந்து கரையில் நின்று, நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

லோவென்னா


டிரெகாரோ,
24 ஆகஸ்ட்

அண்ணா,

பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். அம்மாவுக்குப் போன் செய்தால், "சாப்புடுறான், தூங்குறான், பேச மாட்டேங்குறான்" என்கிறாள். நான்தான் என்று அவளிடம்கூட நீ சொல்லவில்லை. அவள் இன்னும் க்ளெமோவைத்தான் திட்டுகிறாள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நானே சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நீ கூப்பிடாமல் அங்கே வந்து நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் துறைமுக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி இதை அனுப்பியிருக்கிறேன். ஹெஸ்டரும் கையெழுத்துப் போட்டாள்:

"ஜேகோ பாஸ்கோ மீது புகார் எழுதியவள் அவர் தங்கை லோவென்னா பாஸ்கோ ஆகிய நான். என் புகார் தவறு. அந்தச் சிங்கிகள் தேய்க்கப்பட்டவை அல்ல. க்ளெமோ டிரெம்பாத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. என் அண்ணன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சினைச் சிங்கியைத் தேய்த்தவர் அல்ல. இரண்டு பேரிடமும் ஊரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நீ சொல்.

லோவென்னா


போர்த்வீன்,
8 செப்டம்பர்

லோ,

உன் காகிதத்தைப் பலகையில் ஒட்டிப் பத்து நாள் ஆகிறது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பாண்டு நின்ற அந்த நிமிஷம் என் காதைவிட்டுப் போகவில்லை. அம்மா கையிலிருந்த தட்டு கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுக்கு நூறு அடி தூரத்தில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் போனாயே, அதுதான் புகாரைவிட வலிக்கிறது. இதை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை.

பலகையைப் படித்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "வாழ்நாள்ல ஒருதடவகூட இல்லயாமே! அப்பன் பேரைக் காப்பாத்திட்டடா" என்று முதுகில் தட்டுகிறார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். பத்து நாளாக அந்தப் பலகை இருக்கும் பக்கம் போகாமல், மீன் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் படகுக்குப் போகிறேன்.

அப்பா இறந்த அந்த 2017 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? சினைச் சிங்கியை விற்கக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இயந்திரம் பழுதாகி ஐந்து வாரம் கடலுக்குப் போகவில்லை. போன முதல் நாள் கூட்டில் வந்ததெல்லாம் சினை. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஏழு சிங்கி, அத்தனையையும் பிரஷ்ஷால் தேய்த்தேன் லோ. தளமெல்லாம் கறுப்பு மணி மணியாக முட்டை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் அது இடுக்கைவிட்டுப் போகவில்லை. க்ளெமோவிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தான், என் முகத்தையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தொட்டியில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு நான் செய்யவில்லை. வெட்டுப் போட்டுக் கடலில் விடுவதெல்லாம் அந்த ஏழுக்காகத்தான். எத்தனை விட்டாலும் ஏழு ஏழாகவே இருக்கிறது.

உலகத்தில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் புகார் என்றதும் அவன் சட்டையைப் பிடித்தேன். ஊர் முன்னால் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. நான் அவன் காலடியில் துப்பினேன்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பலகையில் இருக்கும் அந்த 'ஒருமுறைகூட' வரியை என்னால் சுமக்க முடியவில்லை, எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "சொல்றதுன்னா என் பேரையும் சேத்துச் சொல்லு. நீ தேச்ச, நான் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன். கை ஒண்ணு, வாய் ஒண்ணு, அவ்வளவுதான்டா வித்தியாசம்" என்றான்.

நீ வந்து கரையில் நிற்கிறேன் என்று எழுதியிருந்தாய். வரும் சனிக்கிழமை மதியம், படகுகள் திரும்பும் நேரத்துக்கு வா. ஒரு பேனா கொண்டு வா. அந்த ஒரு வரியை நீ எழுதினாய், நீதான் கோடு போட்டு அடிக்க வேண்டும். ஏன் அடிக்கிறாய் என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்கிறேன், நீ பக்கத்தில் நில். தனியாகச் சொல்லப் போனால் எனக்கு வாய் வராது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று காலை முதலில் வீட்டுக்கு வந்துவிடு.

ஜேகோ